படத்துக்கு முந்தி வந்த கசெட்

1987 ஜூன் 24 அன்று அமெரிக்கத் தியேட்டர்களுக்கு வந்த ஒரு படத்தில் இப்படி ஒரு காட்சி இருக்கு. வில்லனும் அவனுடைய கேணலும் விண்கலத்துக்குள்ள நிற்கிறாங்க. துரத்திக்கொண்டு வந்த ஹீரோவைத் தவறவிட்டாச்சு. எங்க போய்த் தேடுறது என்று தெரியல. அப்போ ஒரு யோசனை வருது: இந்தப் படத்தோட வீடியோ கசெட்டையே போட்டுப் பார்த்தா ஹீரோ எங்க இருக்கிறான் என்று தெரிஞ்சிடுமே! வில்லனுக்குக் குழப்பம். படமே இன்னும் எடுத்து முடியல, அதுக்குள்ள கசெட் எப்படி? இப்போ புது முறை, படம் முடியிறதுக்கு முந்தியே கசெட் கடைக்கு வந்துடும் என்று பதில் கிடைக்குது.

கசெட்டைப் போட்டு வேகமா ஓட விடுறாங்க. நாம ஏற்கனவே பார்த்த காட்சிகள் எல்லாம் ஓடுது. வில்லன் அடிபட்டு விழுந்த காட்சியும் வருது, அவனுக்கு அது பிடிக்கல. கடைசியில திரையில அவங்க ரெண்டு பேருமே தெரியிறாங்க. இவங்க திரும்பினா அங்கயும் திரும்புது. இது எப்போ நடக்குது, இப்பவா, பிறகா என்று ரெண்டு பேரும் வாதாடுறாங்க. பிறகு இன்னும் கொஞ்சம் முன்னுக்கு ஓட்டி, ஹீரோ இருக்கிற இடத்தைக் கண்டுபிடிச்சிடுறாங்க.

படத்தின் பெயர் 'ஸ்பேஸ்போல்ஸ்'. இயக்கியவர் மெல் புரூக்ஸ். 1977இல் வந்த 'ஸ்டார் வோர்ஸ்' தொடங்கி அன்றைய விஞ்ஞானப் புனைவுப் படங்களை எல்லாம் நக்கலடிக்கிற படம். இந்தக் கட்டுரை அந்தப் படத்துக்கு விமர்சனம் இல்லை. அந்தக் கசெட் பகிடியைப் பற்றியும், பிற்காலத்தில் அந்தப் படம் டிவிடியா வந்தப்போ அதோட சேர்ந்து வந்த இணைப்புகளைப் பற்றியும், அந்த இணைப்புகள் நம்ம பக்கம் வந்து சேராததால நமக்கு என்ன இல்லாமப் போச்சு என்பதைப் பற்றியும்தான் எழுதுறேன்.

பகிடிக்குப் பின்னால இருந்த பயம்

இன்றைக்கு அந்தக் காட்சியைப் பார்த்தா சும்மா சிரிச்சிட்டுப் போயிடலாம். ஆனா 1987இல் அது ஹொலிவூட்டின் நெஞ்சு வலியைத் தொட்ட பகிடி.

ஜேவிசி நிறுவனம் விஎச்எஸ் கசெட் முறையை ஜப்பானில் அறிமுகப்படுத்தினது 1976இல். அதற்கு ஒரு வருசம் முந்தியே சோனியின் பீட்டாமெக்ஸ் வந்திருந்தது. வீட்டில் இருந்தபடி படத்தைப் பதிவு செய்யலாம், திரும்பத் திரும்பப் பார்க்கலாம் என்றதும் பெரிய ஸ்டூடியோக்கள் பயந்துட்டாங்க. யுனிவர்சலும் டிஸ்னியும் சோனி மேல வழக்குப் போட்டாங்க. ஹொலிவூட் சங்கத்தின் தலைவர் ஜாக் வெலன்டி 1982இல் அமெரிக்க நாடாளுமன்றக் குழுவுக்கு முன்னால போய், இந்த மெசினை ஒரு கொலைகாரனோட ஒப்பிட்டுப் பேசினார். 1984 ஜனவரி 17 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் சோனி பக்கம் தீர்ப்புச் சொல்லிச்சு. வீட்டில் பிறகு பார்ப்பதற்காகப் பதிவு செய்வது குற்றம் இல்லை.

தீர்ப்பு வந்த பிறகுதான் வேடிக்கை. எந்த மெசின் தங்களை அழிச்சிடும் என்று பயந்தாங்களோ, அதே மெசின்தான் ஸ்டூடியோக்களுக்குப் பணம் கொட்டத் தொடங்கிச்சு. அப்போ தியேட்டரில் ஓடி மாதக்கணக்கில் பிறகுதான் கசெட் வரும். அந்த இடைவெளி குறைஞ்சுகொண்டே போனா என்ன ஆகும்? பூச்சியத்துக்கும் கீழ போனா? மெல் புரூக்ஸ் பிடிச்சது இந்த நுனியை.

வியாபாரத்தைப் பற்றி இதே படத்தில் இன்னொரு பகிடியும் இருக்கு. யோடாவை நக்கலடிக்கிற யோகர்ட் என்ற பாத்திரம், புரூக்ஸே போட்ட வேசம், உண்மையான காசு படத்தில் இல்லை, படத்தின் பெயரைப் போட்டு விற்கிற சாமானில்தான் இருக்கு என்று சொல்லி, டீ ஷேர்ட்டில் இருந்து நெருப்புக் கக்குற துவக்கு வரைக்கும் எடுத்துக் காட்டும். இதுவும் சும்மா வந்ததில்லை. 1977 நத்தாருக்கு 'ஸ்டார் வோர்ஸ்' பொம்மைகளைச் செய்து முடிக்க முடியாமல், கென்னர் என்ற பொம்மைக் கம்பனி பொம்மை இல்லாத அட்டை உறையை வித்திச்சு, உள்ளுக்குப் 'பொம்மை பிறகு வரும்' என்று ஒரு சான்றிதழோட! புரூக்ஸ் தன் படத்துக்கு ஜோர்ஜ் லூக்காஸிடம் சம்மதம் கேட்டப்போ, லூக்காஸ் பெரிதா ஒண்டும் தடுக்கல. கேட்டது ஒரே ஒரு விசயம்: இந்தப் படத்துக்குப் பொம்மை செய்து விற்கக்கூடாது. புரூக்ஸ் இதைப் பல பேட்டிகளில் சொல்லியிருக்கார். பொம்மை விற்க முடியாத படம், பொம்மை விற்பதையே பகிடியாக்கிக் கொண்டது.

டிஸ்கில் வந்த இணைப்புகள்

'ஸ்பேஸ்போல்ஸ்' தியேட்டரில் பெரிய வெற்றி இல்லை. போட்ட காசுக்கு மேல வந்தது, ஆனா 'ஸ்டார் வோர்ஸ்' பக்கத்தில் வைக்க முடியாது. அதை வாழ வைத்தது கசெட்டும், டிவியும், பிறகு டிவிடியும்தான். எந்தக் கசெட்டை நக்கலடிச்சதோ அந்தக் கசெட்டாலதான் படம் பிழைச்சது.

'இணைப்பு' என்றால் என்ன என்று சின்னதா ஒரு விளக்கம், ஏனென்றால் ஸ்ட்ரீமிங்கில் படம் பார்த்து வளர்ந்த தம்பி தங்கச்சிமாருக்கு இது தெரியாமல் இருக்கலாம். டிவிடியில் படம் மட்டும் வராது. வெட்டின காட்சிகள், படப்பிடிப்பில் நடந்த பிழைகள், நடிகர்களின் பேட்டி, கதைப்பட ஓவியங்கள், முக்கியமா இயக்குநரின் கொமென்ட்ரி. படம் ஓடிக்கொண்டிருக்கும்போதே இயக்குநர் பக்கத்தில் உட்கார்ந்து பேசுற மாதிரி ஒரு ஒலித்தடம். இதைத் தொடக்கி வைத்தது 1984இல் க்ரைட்டீரியன் நிறுவனம் வெளியிட்ட 'கிங் கொங்' லேசர்டிஸ்க். ரொனால்ட் ஹேவர் என்ற திரைப்படப் பாதுகாவலர் அந்தப் படத்துக்கு மேல பேசினார். அதாவது, கொமென்ட்ரி பிறந்ததே பழைய படத்தைப் பாதுகாக்கிற ஒரு ஆளின் வாயில் இருந்துதான்.

2005இல் வந்த 'ஸ்பேஸ்போல்ஸ்' சிறப்புப் பதிப்பு டிவிடியில் இணைப்புகளே ஒரு தனிப் பகிடி. படத்தில் 'கேலிக்கூத்தான வேகம்' என்று ஒரு விண்கல வேகம் வரும். டிஸ்கில் முழுப் படத்தையும் அந்த வேகத்தில் பார்க்க ஒரு தெரிவு இருக்கு. கண் சிமிட்டிறதுக்குள்ள படம் முடிஞ்சிடும். மொழித் தெரிவில் பாருங்க, ஆங்கிலத்தோட சேர்த்து ரெண்டு புது மொழிகள். படத்தில் ஜோன் கெண்டி நடிச்ச பாதி மனிசன் பாதி நாய்ப் பாத்திரத்தின் இனத்துக்கு ஒரு மொழி. பாலைவனத்தில் வருகிற குட்டி உருவங்கள் பேசுகிற 'டிங்க் டிங்க்' மொழி மற்றது. இதே மாதிரி 1999இல் வந்த இன்னொரு விஞ்ஞான நையாண்டிப் படமான 'கெலக்ஸி குவெஸ்ட்' டிவிடியிலும், படத்தில் வருகிற வேற்றுக்கிரகவாசிகளின் மொழியில் ஒரு முழு ஒலித்தடம் இருக்கு.

நாய் பாஷைக்கு டிஸ்கில் இடம் இருந்தது, தமிழுக்கு இல்லை. சிரிப்புக்காகச் சொல்றேன். ஆனா நம்ம ஊரில் சொந்த மொழியில் ஒரு படிவம் கிடைக்காமல் அலைஞ்ச ஆட்களைக் கேட்டா முழுச் சிரிப்பு வராது. தமிழும் அரச கரும மொழி என்று பதின்மூன்றாம் திருத்தம் சொன்னதும் இந்தப் படம் வந்த அதே 1987இல்தான்.

அந்த டிஸ்கில் இன்னொரு இணைப்பும் இருக்கு. ஜோன் கெண்டி 1994 மார்ச்சில் இறந்துட்டார், வயது 43தான். 2005இல் டிஸ்க் வந்தப்போ அவரைப் பற்றி ஒரு குறும்படத்தைச் சேர்த்தாங்க. புரூக்ஸும் அவரோட சேர்ந்து எழுதின தோமஸ் மீஹனும் உட்கார்ந்து பேசுற ஒரு உரையாடலும் இருக்கு. மீஹனும் 2017இல் போயிட்டார். பகிடிப் படத்தின் டிஸ்க், கொஞ்சம் கொஞ்சமா ஒரு நினைவுப் பெட்டியாகவும் மாறியிருக்கு.

நையாண்டிப் படத்துக்கு இது மற்றப் படங்களை விட ரொம்ப முக்கியம். ஏன்? நையாண்டி என்பது இன்னொரு படத்தை நீங்க பார்த்திருக்கணும் என்ற நம்பிக்கையில் நிற்கிறது. 'ஸ்பேஸ்போல்ஸ்' கடைசியில் ஒரு சாப்பாட்டுக் கடையில் ஒருத்தரின் வயிற்றைக் கிழிச்சுக்கொண்டு குட்டி ஜந்து வெளியில வரும். அது 1979இல் வந்த 'ஏலியன்' படத்தின் காட்சி, அந்த ஆளும் அதே நடிகர் ஜோன் ஹேர்ட்தான். இது தெரியாதவருக்கு அந்தக் காட்சி வெறும் அருவருப்பு. அம்பது வருசம் போனா பகிடியின் பாதி செத்துப் போகும். யாராவது பக்கத்தில் உட்கார்ந்து 'இது அந்தப் படம்' என்று சொல்லணும். கொமென்ட்ரி செய்கிற வேலை அதுதான்.

தமிழில் யாரை நக்கலடிக்கிறது?

தமிழில் விஞ்ஞான நையாண்டிப் படம் ஏன் வரல என்று கேட்டா, என் பதில் இது: நக்கலடிக்க முதல்ல ஒரு கூட்டம் வேணும். 'ஸ்டார் வோர்ஸ்'க்கு பதினாலு வருசம் முந்தியே, 1963இல், ஏ. காசிலிங்கம் இயக்கத்தில் எம்.ஜி.ஆரும் பானுமதியும் நடிச்ச 'கலை அரசி' வந்துட்டுது. விஞ்ஞானத்தில் முன்னேறின, ஆனா இசையும் கலையும் தெரியாத வேற்றுக் கிரகத்து ஆட்கள் பூமிக்கு வந்து ஒரு கலைஞியைக் கடத்திக்கொண்டு போற கதை. அதுக்குப் பிறகு அந்த வரிசை வளரல. 1986இல் 'விக்ரம்', 2010இல் 'எந்திரன்', 2015இல் 'இன்று நேற்று நாளை', 2018இல் 'டிக் டிக் டிக்' என்று எண்ணிப் பார்த்தா விரல் விட்டு எண்ணலாம்.

அதனால தமிழ் நையாண்டி, விஞ்ஞானத்தை விட்டுட்டுத் தமிழ் சினிமாவையே பிடிச்சது. விஜய் டிவியின் 'லொள்ளு சபா' அதுக்குப் பாதை போட்டுக் கொடுத்தது. 2010 ஜனவரி 29 அன்று சி.எஸ். அமுதனின் 'தமிழ்ப் படம்' வந்தது. ஹீரோ பிறக்கிற ஊரின் பெயரே சினிமாப்பட்டி. பாரதிராஜாவின் 'கருத்தம்மா' பெண் சிசுக்கொலையைப் பேசிச்சு. இங்க ஆண் குழந்தைகளுக்குக் கள்ளிப்பால். கல்லூரி மாணவர்களா வருகிற ஹீரோவின் கூட்டாளிகள் எம்.எஸ். பாஸ்கர், மனோபாலா, வெண்ணிற ஆடை மூர்த்தி! தமிழ்ப் பாட்டுகளில் வருகிற அர்த்தமே இல்லாத சொற்களை மட்டும் பொறுக்கி எடுத்து 'ஓ மகசீயா' என்று ஒரு முழுக் காதல் பாட்டு.

இந்தப் பகிடிகளுக்கும் வயசாகுது. இன்றைக்குப் பதினெட்டு வயசுத் தங்கச்சி ஒருத்திக்கு 'கருத்தம்மா' தெரியாது. ஹீரோவின் பாட்டியா வந்து கலக்கின பரவை முனியம்மா 2020இல் போயிட்டாங்க. மனோபாலா 2023இல். அவங்க படப்பிடிப்பில் எப்படிச் சிரிச்சாங்க, எந்த வரியைத் தாங்களே சேர்த்தாங்க என்று சொல்ல நம்ம கைக்கு வந்த டிஸ்கில் ஒண்டும் இல்லை.

நம்ம கைக்கு வந்த டிஸ்க்

'நம்ம கைக்கு வந்த டிஸ்க்' என்றேன். அது எப்படி வந்தது என்பதும் ஒரு வரலாறுதான்.

இலங்கையில் 1979இல் ஐ.டி.என்., 1982இல் ரூபவாஹினி. திறந்த பொருளாதாரத்தோட டிவியும் டெக்கும் கொழும்பில் இறங்கிச்சு. வட்டவளைக்கும் ஹட்டனுக்கும் நடுவுல றொசல்ல ஸ்டேஷன். அதைச் சுத்தி இருக்கிற தோட்டங்களில் பெரியவங்களைக் கேட்டா, டிவியும் டெக்கும் வாடகைக்கு எடுத்து விடிய விடியப் படம் போட்ட கதை சொல்லுவாங்க. லயத்துக்குக் கரண்ட் வராத காலத்தில் கார் பெட்டரியில டிவி ஓடும். ஒரு ராவுக்கு மூணு படம். கொழுந்தெடுத்துக் களைச்சு வந்தவங்களும் கண் முழிச்சிருந்து பார்ப்பாங்க. படத்துக்கு நடுவுல தாத்தா ஒருத்தர் 'இது சிவாஜியோட அந்தப் படத்தில இருந்து எடுத்தது' என்று சத்தமாச் சொல்லுவார். பின்னால இருந்து ஒரு ஆள் மறுத்துப் பேசுவார். யாரும் பதிவு செய்யாத கொமென்ட்ரி அது.

பிறகு விசிடி வந்தது, அதற்குப் பிறகு ஒரு டிஸ்கில் மூணு நாலு படம் அடைச்ச டிவிடி. நாலு படம் ஒரு டிஸ்கில் போகணும் என்றா எதையாவது தூக்கி எறியணும். முதல்ல எறிஞ்சது இணைப்புகளை. பாட்டைக்கூட வெட்டின டிஸ்க் இருந்தது. நமக்கு வந்தது படத்தின் எலும்பு மட்டும்.

மெல் புரூக்ஸின் பகிடி உண்மையானதும் இங்கதான். படம் வந்த அன்றைக்கே திருட்டு விசிடி. தமிழ்நாட்டில் பிரச்சினை முற்றி, 2004இல் குண்டர் சட்டத்தைத் திருத்தி வீடியோ திருட்டையும் அதுக்குள்ள கொண்டு வந்தாங்க. அப்புறம் சினிமாக்காரங்களே அந்தக் கசெட்டைக் கையில் எடுத்தாங்க. 2013இல் வந்த 'விஸ்வரூப'த்தைத் தியேட்டருக்கு முந்தி டிடிஎச்சில் காட்டப் போறேன் என்று கமல்ஹாசன் சொன்னார். தியேட்டர்காரங்க கொதிச்சாங்க, அது நடக்கல. 2015இல் சேரன் 'சினிமா டு ஹோம்' என்று தொடங்கி, 'ஜே.கே. எனும் நண்பனின் வாழ்க்கை' படத்தை நேரா டிவிடியா வீட்டுக்குக் கொண்டு வந்தார். 2020 மே மாசம் கொரோனா அடைப்புக்குள்ள 'பொன்மகள் வந்தாள்' தியேட்டரே பார்க்காமல் அமேசன் பிரைமுக்குப் போச்சு. அப்பவும் தியேட்டர்காரங்களுக்குக் கோபம். 1987இல் விண்கலத்துக்குள்ள சிரிச்ச விசயம் முப்பத்து மூணு வருசத்தில் வழக்கமாப் போச்சு.

ஆனா ஒண்டைக் கவனிங்க. கசெட் பகிடி பலிச்சது, டிவிடி இணைப்பு பலிக்கல. ஸ்ட்ரீமிங்கில் படம் முடிஞ்சதும் அடுத்த படத்துக்குத் தள்ளிவிடுது. பெயர்ப் பட்டியலைக் கூட முழுசாப் பார்க்க விடாது. வசதியான நாட்டுக்காரங்களும் இப்போ நம்ம நிலைமைக்குத்தான் வந்திருக்காங்க, எலும்பு மட்டும்.

இது ஏன் நமக்குப் பெரிய விசயம்

ஹொலிவூட் படத்துக்கு இணைப்பு போனாலும் எழுதி வைக்க ஆயிரம் பேர் இருக்காங்க. நமக்கு? மலையகத் தொழிற்சங்கவாதி வி.பி. கணேசன் 1975இல் 'புதிய காற்று' படத்தைத் தயாரிச்சு நடிச்சார். தோட்டத் தொழிலாளரின் வாழ்க்கையைத் திரைக்குக் கொண்டு வந்த படம். 1978இல் 'நான் உங்கள் தோழன்', 1981இல் 'நாடு போற்ற வாழ்க'. 1983 ஜூலையில் கே. குணரத்தினத்தின் ஹெந்தளை விஜயா ஸ்டூடியோவை எரிச்சாங்க. அங்க எரிஞ்சதில் படச்சுருள்களும் அடக்கம். ஒரு நாட்டின் சினிமா நினைவு நெருப்பில் போறது எப்படி என்று நமக்குப் புத்தகத்தில் படிக்கத் தேவையில்லை.

2023இல் மலையகத்துக்கு இருநூறு வருசம் என்று கூட்டம் போட்டோம், நடந்தோம், பேசினோம். கொழுந்தையும் சம்பளத்தையும் காணியையும் பேசினோம், பேசத்தான் வேணும். ஆனா அந்த மக்கள் ராவில் எதைப் பார்த்துச் சிரிச்சாங்க என்பதும் வரலாறு. நம்மளைப் பற்றி எழுதினவங்க பலர் நம்ம கஷ்டத்தை மட்டும்தான் எழுதினாங்க. சிரிப்பை எழுதாவிட்டா, அடுத்த தலைமுறை நம்ம தாத்தா பாட்டியை வேலை செய்கிற கைகளா மட்டும்தான் தெரிஞ்சுகொள்ளும்.

இதுக்குப் பெரிய ஸ்டூடியோ தேவையில்லை. க்ரைட்டீரியன்காரங்க 1984இல் செய்ததை ஒரு ஃபோனில் செய்யலாம். தோட்டத்தில் படம் போட்ட மாமாவையோ, முன் வரிசையில் உட்கார்ந்து பார்த்த பாட்டியையோ ஒரு பழைய படத்துக்கு முன்னால உட்கார வையுங்க. ஃபோனைப் பக்கத்தில் வைச்சுப் பதிவு போடுங்க. முதல்ல அவங்க சம்மதத்தைக் கேளுங்க. திகதியும் தோட்டத்தின் பெயரும் சொல்லித் தொடங்குங்க. பிறகு கேள்வி கேட்டு இடைஞ்சல் பண்ணாதீங்க, படம் ஓடட்டும், அவங்க பேசட்டும். எந்த இடத்தில் கூட்டம் கை தட்டிச்சு, எந்த இடத்தில் அழுதாங்க, டெக் வாடகை யார் யார் சேர்ந்து போட்டாங்க, பெண்கள் எங்க உட்கார்ந்தாங்க, எந்த வசனத்தைக் கங்காணியை நக்கலடிக்கப் பயன்படுத்தினாங்க, எல்லாம் தானா வரும். பதிவை ரெண்டு இடத்தில் சேமிச்சு வைங்க, ஃபோன் விழுந்து உடையும்.

1926இல் பிறந்த மெல் புரூக்ஸ் 2025 ஜூனில் 'ஸ்பேஸ்போல்ஸ்' இரண்டாம் பாகம் 2027இல் வரும் என்று தானே வந்து அறிவிச்சார், யோகர்ட் வேசத்தையும் திரும்பப் போடுறாராம். அந்த வயசிலும் தன் பகிடியைத் தானே வந்து சொல்ல அவருக்கு வாய்ப்பு இருக்கு. நம்ம தோட்டத்துத் தாத்தாமாருக்கு அவர் வயசுக்கு இருபது வருசம் முந்தியே உடம்பு விட்டுப் போகுது. அடுத்த லீவுக்கு வீட்டுக்குப் போறப்போ சார்ஜரோட போங்க.